இனிப் பாமசிக் குளுசை வேண்டாம், சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. ஐந்து கிழமையாக இருமல், பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், 4 கிலோ மெலிந்துவிட்டா. பாமசியில் இரண்டு முறை அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தோம். குறைந்து, திரும்ப வந்துவிட்டது. இணையத்தில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. கசநோய் என்றால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வருவாராமே? தங்கைக்குக் கலியாணம் பேசுகிறோம். 3 வயதுப் பேரனும் வீட்டில்தான். அம்மாவின் தட்டு, கோப்பையைப் புறம்பாக வைக்கவா?

– வாசகர், சாவகச்சேரி

பதில்: தட்டும் கோப்பையும் இருந்தபடியே இருக்கட்டும். கசநோய் இருமும்போது காற்றில் கலந்துதான் பரவும். அம்மா வாயை மூடி இருமட்டும், படுக்கிற அறையின் யன்னலைத் திறந்து விடுங்கள். புற்றுநோய்ப் பேச்சை எக்ஸ்ரே எடுத்த பிறகு பார்க்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்துகிறது: மருந்துக்குக் குறைந்து, திரும்ப வந்த இருமல். இரண்டு கிழமைக்கு மேல் இருமினாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குக் கசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூட. வாங்கிய மருந்தின் அட்டையில் லெவோபுளொக்சசின், சிப்ரோபுளொக்சசின் என்று இருக்கிறதா பாருங்கள். அவை கசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இருமல் குறையும், சளியில் கிருமி தென்படாமல் போகும், நோயோ உள்ளே வளரும். இலங்கையில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் கசநோயாளராகப் பதிவாகிறார்கள். உண்மையான தொகை அதைவிடக் கூட என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பாமசிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள் எந்தப் பதிவிலும் வரமாட்டார்கள். மூன்றாவது முறை வாங்கப் போகாதீர்கள்.

அம்மாவை யாழ்ப்பாணத்து மார்பு நோய் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். மருந்து அட்டையையும் கொண்டு போங்கள். எல்லாம் இலவசம். சளி எடுப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் முடிவு பயன்படாது. விடிய எழும்பியதும், சாப்பிட முதல், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று தரம் மூச்சை ஆழ இழுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். மற்றவர்கள் பக்கத்தில் நிற்காமல், வெளி முற்றத்தில் எடுங்கள். இருமலில் இரத்தம் வந்தாலோ மூச்சு முட்டினாலோ கிளினிக் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கசநோய்தான் என்றால் ஆறு மாதம் குளுசை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு இரண்டு. அவற்றில் ஒன்றான ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், ஓயாமல் சத்தி எடுத்தால், பார்வை மங்கினால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். சீனி கூடக்கூடும், அதையும் அடிக்கடி பாருங்கள். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்களிடம்தான் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது.

பிஎச்ஐ வருவார். டெங்கு நுளம்பு பார்க்கவும் அவர்தானே வருகிறார். ஊர்ச்சனம் படலையில் நின்று காரணம் கேட்பதில்லை. சரியான மருந்து தொடங்கி இரண்டொரு கிழமையில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஊருக்குத் தெரிய வைப்பது மாதக்கணக்கில் கேட்கும் இருமல்தான்.

பேரனைக் காட்டுவதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற கசநோய்த் தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வடிவங்களைத்தான் பெரும்பாலும் தடுக்கும். அம்மாவுக்கு உறுதியானால் அவனையும் கிளினிக்கில் காட்டுங்கள். நோய் இல்லாவிட்டாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.