மாமியின் கோப்பு: 2027இல் இரண்டு திகதிகள்

கேள்வி: என் கணவர் கனடாவின் மனிட்டோபா மாகாணத்தைச் சேர்ந்த க்ரீ முதற்குடி இனத்தவர். மாமி, முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலையில் படித்தவர். அங்கு நடந்த துன்புறுத்தலுக்கு 2010இல் விண்ணப்பித்து நட்டஈடும் பெற்றார். 1970 முதல் 1972 வரை ஹைஸ்கூல் படிப்புக்காக அரசு அவரை வின்னிபெக்கில் ஒரு குடும்பத்துடன் தங்கவைத்தது. அந்த வீட்டிலும் கொடுமை நடந்ததை இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறார். இனி ஏதும் கேட்கலாமா? அவருடைய பழைய வாக்குமூலத்தை அழித்துவிடுவார்கள் என்பது உண்மையா?

பதில்: பாடசாலைத் துன்புறுத்தலுக்கு நட்டஈடு கேட்கும் கதவு 2012 செப்டம்பர் 19இல் மூடியாகிவிட்டது. வின்னிபெக் வீட்டின் கதை வேறு. 1951 செப்டம்பர் 1 முதல் 1992 ஜூன் 30 வரை, படிப்புக்காக மத்திய அரசு தனியார் வீடுகளில் தங்கவைத்த முதற்குடியினருக்கென்றே, பலர் சேர்ந்து தொடுத்த ஒரு குழு வழக்கில் எட்டிய தனி நட்டஈட்டு உடன்படிக்கை உண்டு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 பெப்ரவரி 22. பாடசாலைக்காக வாங்கிய பணம் இதற்குத் தடையல்ல. 2010 விண்ணப்பத்தில் இந்த வீட்டையும் சேர்த்துக் கோரியிருந்தாரா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அப்படித் தங்கவைத்ததற்கே 10,000 டொலர். துன்புறுத்தலுக்கு மேலதிகமாக 10,000 முதல் 200,000 டொலர் வரை. பலர் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான். ‘கொடுமைப்படுத்தினார்கள்’ என்று ஒரு வரியில் முடித்தால் மதிப்பிடுபவருக்குப் பிடிமானம் இல்லை. எந்தத் தெரு, பேஸ்மென்டில் படுக்கையா, கதவுக்குப் பூட்டு இருந்ததா, யார், எத்தனை முறை, அதன் பிறகு படிப்பை விட்டாரா, மருந்து எடுத்தாரா என்று எழுத வேண்டும். திகதி நினைவில்லையென்றால் ‘பனி விழத் தொடங்கிய பிறகு’ என்றே எழுதுங்கள்; ஊகித்த திகதி பின்னர் பதிவேட்டோடு மோதும். ஒரே மூச்சில் எழுதவைக்காதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால், வதிவிடப் பாடசாலையில் படித்தவர்களுக்கான நெருக்கடி உதவித் தொலைபேசி 1-866-925-4419 எந்நேரமும் எடுக்கும். படிவம் நிரப்ப நட்டஈட்டில் பங்கு கேட்பவர்களிடம் போகவேண்டாம்; அந்தக் குழு வழக்கின் சட்டத்தரணிகள் இலவசமாகவே உதவுகிறார்கள்.

வாக்குமூலம் பற்றிக் கேள்விப்பட்டது உண்மை. கனடா உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பின்படி, மாமி எதுவும் செய்யாவிட்டால் அவருடைய 2010 விண்ணப்பம், விசாரணை ஒலிப்பதிவு, அதன் எழுத்துப்படி, முடிவு ஆகியவை 2027 செப்டம்பர் 19இல் அழிக்கப்படும். தனக்கொரு பிரதி கேட்கலாம். வின்னிபெக்கிலுள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான தேசிய நிலையத்தில் பெயர் வெளிப்படாமலோ வெளிப்படையாகவோ சேமிக்கவும் சொல்லலாம். பிரதியில் மற்றவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். தெரிவு மாமியுடையது மட்டுமே. மகனோ மருமகளோ அவருக்காகக் கையொப்பமிட முடியாது. அழியட்டும் என்று அவர் நினைத்தால் எந்தப் படிவமும் தேவையில்லை.