அப்பா விட்டுப்போன விரல்கணக்கு

மறைந்த அப்பாவுக்குப் பிடித்த விஷயங்களில் எதை நீங்கள் இன்றும் தொடர்கிறீர்கள் என்பது கேள்வி. என் பதில் வெண்பா, ஓசைக் கணக்கு கறாரான பழைய தமிழ்ச் செய்யுள் வகை.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். தமிழ் வாத்தியாரும் இல்லை, புலவர் பட்டமும் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ரேஷன் வரிசையில் நிற்கும்போதும் அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜபம் பண்ணுகிறார் என்று நினைப்பார்கள், அவர் சீர், அதாவது செய்யுள் அடியின் துண்டுகளை, எண்ணிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு இது பிடிக்காது. சம்பளத் தேதி தள்ளிப்போகும் மாதங்களில் "காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்றே" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூலைப் படித்து என்ன கண்டார்கள் என்று ஊரில் கேட்பதற்கென்றே இருக்கும் வரி அது. அப்பா பதில் சொல்லமாட்டார், விரல் மட்டும் நிற்காது.

எனக்குப் பன்னிரண்டு வயசில் ஒரு ராத்திரி, சாப்பிட உட்கார்ந்தபோது, நானும் கவிதை எழுதியிருக்கிறேன் என்று ஒரு வரி சொன்னேன். "அம்மா தோசை சுடுகின்றாள்." அவர் சிரிக்கவில்லை. "தளை தட்டுது" என்றார், ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் இடத்தில் ஓசை இடிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தோசையைப் பிய்த்துக்கொண்டே விளக்கினார். சீரை அசைகளாகப் பிரிக்கவேண்டும், ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் ஓர் எழுத்து நிற்பது நேர், குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து சேர்வது நிரை. 'அம்மா' நேர் நேர், அதற்குப் பெயர் தேமா, இரண்டு அசையில் நேரில் முடிவதால் அது மாச்சீர். வெண்பாவில் மாச்சீருக்கு அடுத்து நிரையசைதான் வரவேண்டும், 'தோசை' நேரில் தொடங்குகிறது, அதனால் இடிக்கிறது. "சொல்லை மாத்த வேண்டாம்டா, இடத்தை மாத்து" என்று சொல்லி "அம்மா சுடுகின்ற தோசை" என்றார். சுடு என்பது நிரை, சரியாக உட்கார்ந்துவிட்டது. 'சுடுகின்ற' மூன்று அசையில் நேரில் முடியும் காய்ச்சீர், காய்க்கு அடுத்து நேர் வரவேண்டும், 'தோசை' வந்து நின்றது. கிட்டத்தட்ட அதே மூன்று சொற்கள்தான். அன்றைக்குத்தான் எனக்குக் காது திறந்தது என்று நினைக்கிறேன். இலக்கணம் என்றால் பரீட்சைக்கு உருப்போடும் சமாச்சாரம் என்று இருந்தவனுக்கு அது ஒரு சத்தம் என்று தெரிந்தது.

திறந்த காதை நானே மூடியும் வைத்தேன். கல்லூரி, வேலை, சென்னை என்று இருபது வருஷம். ஊருக்குப் போகும்போது அவர் ஏதாவது சொல்லுவார், நான் போனைப் பார்த்துக்கொண்டே "நல்லா இருக்குப்பா" என்பேன். அந்த "நல்லா இருக்குப்பா"வை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

2019இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, இடதுகை மட்டும் கொஞ்சம் அசையும். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து குறள் படிப்பேன், ஒன்றே முக்கால் அடிக் குறளும் வெண்பாதானே. "கற்க கசடறக் கற்பவை" என்று தொடங்கினால் போர்வைக்கு மேலே கட்டைவிரல் மெதுவாக நகரும். ஒருநாள் "கற்றபின் நிற்க அதன்படி" என்று வாய்தவறிப் படித்துவிட்டேன். விரல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். "அதற்குத் தக" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அது கடைசிக் கணுவுக்குப் போனது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில், அதாவது ஓசை அச்சுகளில், ஒன்றாகத்தான் முடியவேண்டும், 'தக' மலர். பேச்சு போனாலும் அது அவரை விட்டுப் போகவில்லை.

அவர் போனபிறகு, எழுதியதையெல்லாம் தொகுத்து வருஷாப்திகத்துக்குப் புத்தகமாகப் போடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தொகுக்க எதுவும் இல்லை. காலண்டர் தாளிலும் பால் அட்டையின் பின்பக்கத்திலும் எழுதுவார், மாசம் முடிந்தால் அது குப்பைக்குப் போகும். எழுதி வைப்பதைவிட எண்ணிப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. அதனால் நானும் எண்ண ஆரம்பித்தேன். தாம்பரத்திலிருந்து ரயிலில் போகும் முக்கால் மணி நேரத்தில் ஒரு குறள் வெண்பா, வந்தால் வரும், வராவிட்டால் ஒரு சீராவது. இரண்டாம் அடியில் தனிச்சொல்லோடு நாலு அடி நேரிசை வெண்பா முடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. யாப்பைச் சரிபார்க்க இப்போது மென்பொருளே இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் விரலில் எண்ணி முடித்த பிறகுதான் அதில் போடுவேன்.

தங்கை மகள் பத்தாவது படிக்கிறாள். "அலகிட்டு வாய்பாடு தருக" என்ற, அசை பிரித்துச் சீரின் பெயர் சொல்லும் கேள்விக்காக ராத்திரி போன் பண்ணுவாள், "மாமா, தேமாவா புளிமாவா?" என்று. நான் தோசையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

போன திதிக்கு ஊரில் இருந்தோம். விடிகாலையில் அம்மா டிகாஷன் இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், இதைச் சொன்னாள்:

காப்பி மணக்கும் கருக்கலில் கண்விழித்தால்
காப்பிய மெல்லாம் கசப்பு

கல்யாணமான புதிதில் அப்பா அவளுக்குச் சொன்னதாம். ஒரு அட்டையிலும் இல்லை, நாற்பது வருஷமாக அவள் வாயில் இருந்திருக்கிறது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன். 'கண்விழித்தால்' காய்ச்சீர், அடுத்த அடி நேரில் தொடங்குகிறது. 'கசப்பு' பிறப்பு. எங்கேயும் தட்டவில்லை.