பிரிசில்கோன் பைன் மரம், கிரீன்லாந்து சுறா: எதற்கு ஆயுள் அதிகம்?

மரத்துக்குத்தான், சந்தேகமே இல்லை. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் நிற்கும் 'மெதுசெலா' என்ற பிரிசில்கோன் பைனுக்கு 4,800 வயதுக்கு மேல். கிரீன்லாந்து சுறாவில் இதுவரை கணித்த அதிகபட்ச வயது சுமார் 392. அதிலும் 120 ஆண்டு முன்பின் இருக்கலாம்.

மரத்தின் வயதை அறிவது எளிது. மெல்லிய குழாய்த் துரப்பணத்தால் பென்சில் தடிமனில் ஒரு துண்டு எடுத்து வளையங்களை எண்ணிவிடலாம். மரமும் சாகாது. சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். பல சுறாக்களின் முதுகுத்தண்டுக் குருத்தெலும்பில் வளர்ச்சி வளையங்கள் தெரியும். கிரீன்லாந்து சுறாவுக்கு அதுவும் மெத்தென்று இருப்பதால் பயனில்லை. 2016இல் ஆய்வாளர்கள் கண்ணைப் பிடித்தார்கள். கண்வில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவாகி, பிறகு மாறாமல் அப்படியே இருக்கும். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கார்பன் காலக்கணிப்பு முறையைச் சரிபார்த்துத் திருத்த உதவியவற்றில் இதே பைன் மரத்தின் வளையங்களும் உண்டு!

இரண்டுக்கும் பொதுவானவை குளிரும் மந்தமான வளர்ச்சியும். சுறா ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. பெண் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகலாம்.

ஆனாலும் என் ஓட்டு சுறாவுக்கே. கிழட்டுப் பைனில் பெரும்பகுதி செத்த கட்டை. ஒரு பட்டையளவு உயிர்த்திசு மட்டும் மிச்சக் கிளைக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கும். சுறாவால் அப்படிப் பாதி செத்துப் பிழைக்க முடியாது. ஒரே இதயம் அத்தனை நூற்றாண்டும் துடித்தாக வேண்டும்.