கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டை உருவாக்கிய ஸ்குவாட் நிறுவனத்தின் வரலாறு என்ன? விளம்பர நிறுவனம் ஒன்று விண்வெளி விளையாட்டுக்குள் எப்படி வந்தது?

வேலையை விட்டுப் போகவிருந்த ஓர் ஊழியரை இழக்க மனமில்லாமல் வந்தது என்பதே நேரான விடை.

ஸ்குவாட், மெக்சிகோ நகரத்தில் ஏட்ரியன் கோயா, எசேக்கியல் அயார்சா என்ற இருவர் நடத்திய விளம்பரச் சேவை நிறுவனம். பிற நிறுவனங்களின் விளம்பரத்துக்கான இணையதளங்களையும் ஊடாடும் காட்சிகளையும் அமைத்துக் கொடுப்பதே அதன் தொழில். அங்கே நிரலாளராக இருந்த பிரேசில் நாட்டுக்காரர் ஃபெலிப்பே ஃபலாங்கே, விளையாட்டு உருவாக்க வேண்டும் என்ற ஆசையால் 2010இல் விலக முடிவெடுத்தார். கையில் இருக்கும் பணிகளை முடித்துக்கொடுத்தால் அந்த விளையாட்டுக்கு நாங்களே பணம் போடுகிறோம் என்று கோயா சொன்னார். 2011 ஜனவரி 17 அன்று வேலை தொடங்கியது. ஃபலாங்கே பதின்ம வயதில் அலுமினியத் தாளில் குட்டி மனிதர்களைச் செய்து, வாணவெடிகளில் கட்டி மேலே அனுப்பி விளையாடியவர். அந்தப் பொம்மைகளுக்கு அன்று வைத்த பெயர்தான் கெர்பல்.

முதல் பொதுப் பதிப்பு 2011 ஜூன் 24 அன்று இலவசமாக வெளியானது. அதில் நிலவு இல்லை, சுற்றுப்பாதையைக் காட்டும் வரைபடமும் இல்லை. சில பாகங்களை அடுக்கி ராக்கெட் கட்டலாம், ஏவலாம், அவ்வளவுதான். பிறகு முடிவடையாத விளையாட்டையே விலைக்கு விற்று, வசதிகள் கூடக்கூட விலையையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். நிலவும், 2012இல் பிற கோள்களும், அந்த ஆண்டின் இறுதியில் விண்கலங்களை இணைக்கும் வசதியும் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. அரைகுறைப் பொருளை விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இங்கே வாங்கியவர்கள் கண்ணெதிரே அது வளர்ந்தது என்பதால் இதற்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் எதிர்கொண்ட தொழில்நுட்பச் சிக்கல். விளையாட்டு, விளையாட்டுகளை உருவாக்க உதவும் யூனிட்டி என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அது பொருள்களின் இடத்தை 32 பிட் தசம எண்களில் குறிக்கிறது. அவற்றுக்குச் சுமார் ஏழு இலக்கத் துல்லியமே உண்டு. மையப் புள்ளியிலிருந்து 600 கிலோமீட்டர் விலகினால், அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய இரண்டு இடங்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். ஒவ்வொரு பாகமும் தனிப் பொருளாக மூட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும் ராக்கெட்டுக்கு இந்தப் பிசகே போதும்: எவரும் தொடாமலே கலம் நடுங்கும், சில நேரம் சிதறும். ஆட்டக்காரர்கள் இதற்குக் கடல் பூதத்தின் பெயரான ‘கிராக்கன்’ என்று பெயர் வைத்தார்கள். கலத்தை எப்போதும் மையத்துக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள உலகத்தை நகர்த்துவதே அவர்கள் கண்ட வழி. வேகம் மிகும்போது வேகத்தையும் கலத்திடமிருந்து கழித்து உலகத்தின் மேல் ஏற்றினார்கள்.

எதை விட்டுவிடுவது என்ற தெளிவும் அவர்களுக்கு இருந்தது. கெர்பின் என்ற கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், அதாவது பூமியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமிக்குச் சமம். ஆகவே தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் வேகமே போதும். பூமியில் அது 7.8. ஏவுதல் சில நிமிடங்களில் முடிவதால் தோற்றாலும் உடனே மறுபடி முயலலாம். ஒரு நேரத்தில் ஒரே கோளின் ஈர்ப்பு மட்டுமே கலத்தின் மேல் செயல்படும் என்று வைத்துக்கொண்டதால் பாதையை ஒரே சூத்திரத்தில் கணித்துவிடலாம், காலத்தையும் ஒரு லட்சம் மடங்கு வரை ஓட்டலாம். இரண்டு பெரிய கோள்களின் ஈர்ப்பு சேர்ந்து கலத்தைத் தங்களோடு ஒரே அமைப்பில் நகரவைக்கும் இடங்களான லக்ராஞ்சு புள்ளிகள் இல்லாமல் போனது அதற்குக் கொடுத்த விலை; அந்தக் குறையை ஆர்வலர்கள் பின்னர் ‘பிரின்சிபியா’ என்ற கூடுதல் நிரலால் நிரப்பினார்கள். இத்தனை வெட்டியும் இயற்பியலின் சாரம் கெடவில்லை. முன்னே போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும் என்பதைப் பாடநூல் எனக்குச் சொல்லியிருந்தது. நம்பவைத்தது இந்த விளையாட்டுதான்.

2014இல் நாசாவுடன் சேர்ந்து சிறுகோளைப் பிடித்து இழுக்கும் பயணங்களைச் சேர்த்தார்கள். 2015 ஏப்ரல் 27 அன்று 1.0 என்ற முழுமையான பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஃபலாங்கே விலகினார். வேறு பலரும் போனார்கள். 2017இல் விளையாட்டுகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டேக்-டூ இந்த விளையாட்டின் உரிமையை வாங்கியது. ஸ்குவாட் 2021 வரை பெரிய மேம்படுத்தல்களை வெளியிட்டது. இரண்டாம் பாகத்தை டேக்-டூ முதலில் ஸ்டார் தியரி என்ற குழுவிடம் கொடுத்து, 2019 டிசம்பரில் அவர்களிடமிருந்து எடுத்து, இன்டர்செப்ட் கேம்ஸ் என்ற சொந்தக் குழுவிடம் ஒப்படைத்தது. குடியேற்றங்கள், பிற விண்மீன்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து ஆடுவது என்று அறிவிப்புகள் நீண்டன; 2023 பிப்ரவரியில் முன்கூட்டிய பதிப்பு வந்தபோது அவற்றில் ஒன்றுகூட இல்லை. முதல் குழு சின்னதாக வெளியிட்டு வளர்த்தது, இரண்டாவது குழு பெரிதாகச் சொல்லிவிட்டுத் துரத்தியது என்பதே என் கணிப்பு. 2024இல் அந்தக் குழு மூடப்பட்டது. இன்று புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதல் பாகத்தையே வாங்குங்கள்.