அரிய புரூஃப் நாணயங்களை முதலீடாக வாங்கலாமா?

கையில் ஒரு லட்சம் இருக்கிறது, புரூஃப் நாணயங்கள் வாங்கி வைத்தால் ஐந்து வருடத்தில் நல்ல லாபம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடத்தில் திரும்பத் தேவைப்படும் பணம் என்றால் இதில் போடாதீர்கள். நாணயத்தின் மேல் ஆசை இருக்கிறது, பணம் முடங்கினாலும் குடும்பம் தடுமாறாது என்றால் தாராளமாக வாங்குங்கள். நான் பதினைந்து வருடமாக வாங்குகிறேன், இன்னும் ஆசை தீரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புரூஃப் என்பது நாணயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அல்ல, அதை அடித்த முறையைச் சொல்வது. நாணயமாகப் போகும் உலோக வில்லையையும் அச்சையும் மெருகேற்றி, நல்ல அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பார்கள். உருவம் இல்லாத வெற்றுப் பரப்பு கண்ணாடி மாதிரி முகம் காட்டும், உருவம் மட்டும் பனி படிந்தது போல வெண்மையாக நிற்கும். என்னிடம் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம் இருக்கிறது, 2010 என்று பொறித்தது, இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயம். மேசை விளக்குக்குக் கீழே வைத்து மெல்லச் சாய்த்தால், ஒரு கோணத்தில் பின்புலம் முழுக்கக் கறுத்துப்போய் கோயில் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அப்படியே தலைகீழாகிவிடும். அதைப் பார்க்கத்தான் வாங்கினேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த நாணயம் 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, ஆக 28 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் அடிமட்டம். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது எல்லாம் வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் சேகரிப்பாளர்களின் ஆர்வத்துக்கும். வெள்ளி ஏறியதால் நாணயம் ஏறியதைப் பார்த்துவிட்டு புரூஃப் லாபம் தருகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு வெறும் வெள்ளிக் கட்டியே போதுமே.

அரிது என்ற சொல்லையும் யோசித்துப் பாருங்கள். புழக்கத்துக்கு வந்த நாணயம் தேய்கிறது, தொலைகிறது, உருக்கப்படுகிறது, அதனால் நல்ல நிலையில் மிஞ்சுவது குறைகிறது. புரூஃப் செட் நாணயச்சாலையிலிருந்து நேராக பீரோவுக்குப் போகிறது. அடித்தது கிட்டத்தட்ட அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. ஆகவே அந்த வருடமே குறைவாக அடித்திருந்தால்தான் அது அரிது. 1950இல் குடியரசின் முதல் நாணயங்களோடு வந்த புரூஃப் செட்டை அந்தக் கணக்கில் சேர்க்கலாம், இன்றைக்கு இணையத்தில் பதிவு செய்து வாங்குகிற நினைவு நாணயங்களை எல்லாம் சேர்க்க முடியாது.

விற்கப் போகும்போதுதான் உண்மை தெரியும். மூன்று வருடம் முன்பு பணத் தேவை வந்து, அந்தத் தஞ்சாவூர் நாணயத்தை ஒரு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரோ கையில எடுத்திருக்காங்க சார், கட்டைவிரல் பதிஞ்சிருக்கு" என்றார். வாங்கிய புதிதில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் டப்பியைத் திறந்து கையில் எடுத்துப் பார்த்தார், அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாதங்கள் போன பிறகு வியர்வையின் உப்பு வெள்ளியை அரித்து, ரேகை ரேகையாகப் பழுப்பு நிறத்தில் எழுந்துவிட்டது. அது போகாது. துடைத்தால் கண்ணாடிப் பரப்பில் நுண்ணிய கீறல் விழுந்து மதிப்பு இன்னும் விழும். அவர் சொன்ன விலை வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எனக்கு விற்க மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ரேகையே இல்லாத நாணயமானாலும், கடைக்காரர்கள் விற்கும் விலைக்கும் நம்மிடம் வாங்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், அதைத் தாண்டத்தான் வருடங்கள் ஆகும்.

அப்புறம் ஏமாற்று வேலை. 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் வெள்ளி நாணயத்தின் சாதாரண வகை ஏராளமாக வந்தது. அதையே பாலீஷ் போட்டுப் புரூஃப் என்று விற்கிறார்கள். பம்பாயில் அடித்த புரூஃபில் ஆண்டுக்குக் கீழே B என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி, செம்பு நாணயங்கள் புரூஃபாகக் கிடைத்தால் இன்னும் நிதானம் தேவை, ஏனென்றால் சேகரிப்பாளர்களுக்காக 1970 வரை நாணயச்சாலையிலேயே அவற்றைத் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அசல் நாணயச்சாலை வேலைதான், ஆனால் விலை வேறு. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த நாணயத்துக்கு லட்சம் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் செய்திகளைத் தொடவே வேண்டாம். ரிசர்வ் வங்கியே 2021இல் தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது.

உங்கள் ஒரு லட்சத்தில் முதலில் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு நல்ல விலைப்பட்டியல் புத்தகம், ஒரு லென்ஸ், பெட்டியும் சான்று அட்டையும் பிரியாத ஒரே ஒரு புரூஃப் நாணயம். பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துவிடும். வாங்கிய ஆறாவது மாதம் அதையே நான்கு கடைகளில் காட்டி, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.