கலிபோர்னியாவில் மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) காய்ச்சும் கள்ள ஆய்வகம் பிடிபட்ட வீட்டைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு?

வாடகைக்கு இருந்தவர் காய்ச்சியிருந்தாலும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையதுதான். காவல்துறை ரசாயனக் கேன்களை எடுத்துப் போவதோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சுவரிலும் கம்பளத்திலும் குளிரூட்டிக் குழாயிலும் படிந்த நஞ்சு அங்கேயேதான் இருக்கும். தரையில் தவழும் குழந்தைக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம்.

அங்கு 2005-இல் வந்த மாநிலச் சட்டப்படி, உள்ளூர் சுகாதார அதிகாரி சோதித்து, மாசு உறுதியானால் யாரும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவிடுவார். கதவில் அறிவிப்பு ஒட்டப்படும். சொத்துப் பதிவிலும் அது ஏறும். உரிமையாளர் தகுதிபெற்ற நிறுவனத்தை அமர்த்தித் தன் செலவில் சுத்தம் செய்ய வேண்டும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மெத் 1.5 மைக்ரோகிராமுக்கு மேல் மிஞ்சக் கூடாது. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூட்டாவில் 1 மைக்ரோகிராம்.

கழுவாமல் மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், தயவுசெய்து. கம்பளம், மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் அகற்றிவிடுவதே நல்லது. உத்தரவு நிலுவையில் இருக்கும்போது விற்பதானால், வாங்குபவரிடம் அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். வாங்குகிறவர் நீங்கள் என்றால், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையிடம் முகவரியைச் சொல்லி விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.