கேட்லாக்கா, வீட்டு டெமோவா: எது கட்டுப்படியாகும்?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சமையலறைப் பொருட்களை நேரடியாக விற்கும் ஒரு கம்பெனியில் மூன்று மாதம் முன்பு சேர்ந்தேன். டப்பா, நான்ஸ்டிக் தவா, ஸ்டீல் கடாய் இதெல்லாம்தான். கேட்லாக் கொடுத்தால் எல்லோரும் ஆசையாகப் புரட்டுகிறார்கள், ஆர்டர் மட்டும் வருவதில்லை. எனக்கு மேலே இருக்கும் லீடர் "வீட்டு டெமோ வை, மாசம் பத்து வை" என்கிறார். அதாவது ஒரு வீட்டில் ஆட்களைக் கூட்டி, பொருளைச் செய்து காட்டி விற்பது. டெமோ வைத்தால் டீ, பலகாரம், கிஃப்ட் என்று கைக்காசு போகிறது. எனக்கு எது சரிப்படும்? ஸ்டாக் வாங்கி வைக்கவும் சொல்கிறார். வைக்கலாமா?

பதில்: உங்கள் கேட்லாக்கில் குறை இல்லை. அது போய்ச் சேர்ந்த ஆட்கள்தான் தவறு. பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காதவரிடம் நம் பக்கம் கேட்லாக் விற்காது. தொட்டுப் பார்த்தவரிடம் அது டெமோவைவிட நன்றாகவே விற்கும். அதனால் இதா அதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எது முதலில், எது பிறகு என்பதில்தான் வருமானம் இருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். சந்தையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் புத்தகத்தில் அதே அளவு டப்பா பல மடங்கு விலை. படத்தில் இரண்டும் டப்பாதான். மூடியில் என்ன வித்தியாசம், அதை எப்படி அழுத்தி மூட வேண்டும் என்பதைப் படம் சொல்லாது. டப்பர்வேரின் கதையே இதுதான். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் காற்றுப் புகாத மூடி போட்ட டப்பாவைக் கொண்டுவந்தபோது கடைகளில் அது சரியாகப் போகவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடு வீடாகப் பெண்களைக் கூட்டி, மூடிக் காட்டி விற்றார். அது நன்றாக எடுத்ததும் 1951-ல் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு வீட்டுக் கூட்டங்களை மட்டும் நம்பினார்கள். அதே கம்பெனி 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஒரே முறையைக் காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் மார்ஜின், உங்கள் செலவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மார்ஜின், அதாவது விற்ற தொகையில் உங்கள் பங்கு, 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு டெமோவுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், ஆறு பேர் சராசரியாக 600 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். விற்பனை 3,600, உங்கள் பங்கு 720. இடம் கொடுத்த வீட்டம்மாவுக்கு 200 ரூபாய்ப் பொருள், டீ சுண்டலுக்கு 100. டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை என்றாலும், பை கனத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறுவீர்கள், போகவர 60. மிச்சம் 360. ஆட்களைக் கூப்பிட்டது, போய் வந்தது, பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். மணிக்கு 72 ரூபாய்.

கேட்லாக்குக்கு வருவோம். புத்தகம் 30 ரூபாய் என்றால் பத்துக்கு 300. முன்பின் தெரியாத பத்து வீட்டில் கொடுக்கிறீர்கள், மூன்று பேர் 350 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். விற்பனை 1,050, உங்கள் பங்கு 210. கைக்காசு 90 போய்விட்டது. திரும்பத் திரும்பப் போய்க் கேட்ட நேரம் தனி. நீங்கள் இந்த மூன்று மாதம் பட்டது இதுதான்.

அதே பத்துப் புத்தகத்தை ஏற்கெனவே டெமோவில் வாங்கியவர்களிடம் கொடுத்து, அதே மாதத்தில் இன்னொரு பத்து வீட்டுக்கும் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பேர் 450 ரூபாய்க்கு வாங்கினால் மொத்தம் 5,400, உங்கள் பங்கு 1,080. புத்தகச் செலவு போக 780. நேரம் ஐந்து மணிதான். மணிக்கு 156 ரூபாய். டெமோவில் வந்ததைவிட இரண்டு மடங்கு. ஆனால் அந்த இருபது பேரை உங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தது டெமோ.

அதனால் டெமோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைய விற்பனையை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை புது ஆட்கள் பொருளைத் தொட்டார்கள், அவர்களில் ஒருவராவது "அடுத்த வாரம் எங்க வீட்ல வைங்க" என்றாரா என்று பாருங்கள். அடுத்த டெமோவுக்குத் தேதி வாங்காமல் எழுந்து வந்தால், மறுபடி முதலிலிருந்து ஆள் தேட வேண்டும். மாதம் பத்து என்ற இலக்கு உங்கள் லீடருக்கு நல்லது. உங்களுக்கு மூன்று, நான்கு போதும். மீதி நாட்களைப் பழைய ஆட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெமோவில் எல்லாப் பொருளையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூன்று பொருள் போதும், மூன்றும் அந்த வீட்டுச் சாமானோடு சேர வேண்டும். அந்த வீட்டுக் கேழ்வரகு மாவையே கேட்டு வாங்கி, உங்கள் டப்பாவில் பாதி நிரப்புங்கள். மூடியை நீங்கள் மூடாதீர்கள். வந்தவர்களில் வயதான அம்மாவிடம் கொடுத்து மூடச் சொல்லுங்கள். அவர் நடுவில் அழுத்தி, ஓரத்தைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டு போகும்போது, காற்று வெளியேறும் சத்தம் கேட்டதும் அவர் முகத்தைப் பாருங்கள். பிறகு வெள்ளைத் துணி விரித்து, அவரையே டப்பாவைக் கவிழ்த்து ஆட்டச் சொல்லுங்கள். துணியில் ஒரு பொட்டு மாவு விழவில்லை என்றால் நீங்கள் பேசவே தேவையில்லை.

ஆனால் "இதில் வைத்தால் வண்டே வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டின் முட்டை தானியத்தோடேயே வந்துவிடும், டப்பா அதை என்ன செய்யும்? வெயிலில் காயவைத்து ஆறவிட்டுப் போட்டால் வெளியிலிருந்து புதிதாக ஏறாது என்று சொல்லுங்கள், அது உண்மை. நான்ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் வைத்துக் காயவிடக் கூடாது, சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். மூன்று அடுக்குக் கடாய் விற்கும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். அடியில் ஒட்டினால் இண்டக்ஷனில் வேலை செய்யும், இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவில் அலுமினியம் இருப்பதால் சூடு ஒரே சீராகப் பரவும். குறையையும் சேர்த்துச் சொல்பவரிடம்தான் அடுத்த மாதம் கேட்லாக்கில் டிக் போடுவார்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தோட்ட வேலையும் நூறு நாள் வேலையும் முடிந்து பெண்கள் வீடு திரும்பி, மாலை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. மதியம் இரண்டரையிலிருந்து நான்கு. அதைத் தாண்டினால் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் டெமோ இழுக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழ சீசனில் டெமோவை அடியோடு நிறுத்திவிடுங்கள். தோப்பிலும் மாங்கூழ் ஆலையிலும் வேலை இருக்கும்போது யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் கையில் கூலி இருக்கும். அது கேட்லாக் மாதம். சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் கையில் புத்தகம் போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களும் அப்படித்தான். ஹாஸ்டல் அறையில் டெமோ வைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே நேரம் போதாது. சம்பளம் வந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் கம்பெனி கேட்லாக்கை அனுப்பினால் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று ஆர்டர் வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. நாலு வார்த்தை அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போனால் கூட்டம் கலகலப்பாகிவிடும்.

யார் வீட்டில் வைப்பது என்பதிலும் ஒரு விஷயம். நம் ஊர்களில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார்கள். இது வருத்தமான உண்மை. ஒரு வீட்டில் வைத்த டெமோ அந்தத் தெருவோடு நின்றுவிடும். மகளிர் குழுக் கூட்டத்தில் அந்தத் தடை கொஞ்சம் குறையும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டமே 1989-ல் நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கூடி உட்கார்ந்து பேசிப் பழகிய பெண்கள் இங்கே அதிகம். குழுத் தலைவியிடம் முன்கூட்டியே கேட்டு, குழு வேலை முழுதும் முடிந்த பிறகு அரைமணி நேரம் வாங்குங்கள். சேமிப்புப் பணத்திலோ குழுக் கடனிலோ பொருள் வாங்கச் சொல்லவே கூடாது. தானே எடுக்கிறேன் என்று ஒருவர் வந்தாலும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிவிடுங்கள். கடனில் வாங்கிய கடாய் அந்தக் குழுவுக்குள் உங்கள் பெயரைக் கெடுத்துவிடும்.

அதே போல, பக்கத்து வீட்டுக்காரி என்ற முகத்துக்காக வாங்குபவரையும் கண்டுபிடித்து நிறுத்துங்கள். டெமோவின் பெரிய பலவீனம் இது. எல்லோரும் எழுதும்போது நாம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது என்று ஆர்டர் கொடுப்பார்கள், பொருள் வந்ததும் "வீட்ல வேண்டாம்னுட்டார்" என்பார்கள். நீங்களே ஆரம்பத்தில் "பாத்துட்டு மட்டும் போங்க, வாங்கியே ஆகணும்னு இல்ல" என்று மனதாரச் சொல்லுங்கள். அன்றைக்கு இரண்டு ஆர்டர் குறையலாம், வாங்கிய பொருள் திரும்பி வராது. பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். முழுக் கடன் யாருக்கும் வேண்டாம், சொந்த அத்தைக்கும் வேண்டாம்.

கேட்லாக் கொடுக்கும்போது "பாருங்க" என்று நீட்டிவிட்டு வராதீர்கள். அவர் போன முறை என்ன வாங்கினார் என்று உங்கள் நோட்டில் இருக்கும். அதோடு சேரும் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு, எந்த நாள் திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரு வீட்டில் புத்தகம் இருக்கக் கூடாது. திரும்பி வந்த புத்தகத்தைப் பையில் போடுவதற்கு முன் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, எங்கே எண்ணெய் விரல் பட்டிருக்கிறது, குழந்தை எதன்மேல் கிறுக்கியிருக்கிறது? அவர் வாய் திறந்து கேட்கத் தயங்கிய பொருள் அங்கே இருக்கும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்பே கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடுகளுக்குச் செட் பக்கங்களைக் காட்டுங்கள். சீருக்கு வாங்குபவர் தனி டப்பா வாங்குபவரைவிடப் பல மடங்கு வாங்குவார். விலை காலாவதியான பழைய புத்தகம் மட்டும் யார் வீட்டிலும் தங்க வேண்டாம், பிறகு வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டுவீர்கள்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கே பாதுகாப்பு. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி, அடையாள அட்டை இல்லாமலும் முன் அனுமதி இல்லாமலும் ஒருவர் வீட்டுக்கு நீங்கள் விற்கப் போகக் கூடாது. விலை, பணம் கட்டும் முறை, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விதி எல்லாவற்றையும் சொல்லியே விற்க வேண்டும். கம்பெனி சொல்லாத பலனை நீங்களாகச் சேர்த்துச் சொல்லக் கூடாது. ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிடு திட்டத்துக்குத் தடை. அதனால் டெமோவில் "நீங்களும் சேருங்கள்" என்ற பேச்சை எடுக்காதீர்கள். பொருள் பார்க்க வந்தவர் மறுமுறை வரவே பயப்படுவார். யாராவது தானாகக் கேட்டால் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். சேர வருபவர் கேட்லாக்கோ டெமோ சாமானோ வாங்கியே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்கவும் கூடாது.

ஸ்டாக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். டெமோவுக்கு எடுத்துப்போகும் அந்த மூன்று பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும், அதை வீட்டிலும் புழங்குங்கள். மற்றதெல்லாம் முன்பணம் கையில் வந்த பிறகு ஆர்டர் போட்டால் போதும். எதிர்பார்க்கக்கூடிய விற்பனைக்கு மிஞ்சிச் சரக்கு வாங்கச் சொல்லி கம்பெனி உங்களைத் தூண்டுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. லீடர் மாதக் கடைசியில் "டார்கெட்டுக்கு இன்னும் அஞ்சாயிரம்தான் குறையுது, நீயே எடுத்து வச்சுக்கோ" என்று கேட்பார். அந்த ஐந்தாயிரத்தில் உங்களுக்கு வருவது மேலே சொன்ன 20 சதவீதக் கணக்கில் ஆயிரம், அதுவும் எல்லாம் விற்ற பிறகு. விற்கவில்லை என்றால் ஐந்தாயிரமும் பரணில் இருக்கும். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது வாங்கி வைத்திருந்தால், அந்தக் கெடு முடிவதற்குள் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். லீடரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.